ரெம்ஸியா காத்த தண்ணீர்

என் அண்ணி ரெம்ஸியாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். பிறகு சிரிப்பார்கள். வாய் அப்படி. எங்கள் ஊர் இருக்கும் இந்தப் பெஷ்டெர் மலைமேட்டில் பாதி வருஷம் காற்று ஊளையிடும், அதையும் மீறி அவள் குரல் கேட்கும். என் அண்ணன் மெஹோவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, தன்மேல் தப்பு என்று அவள் ஒரு தடவைகூட ஒப்புக்கொண்டதில்லை. மாவடுக்குக்குள் பாலாடைக்கட்டி வைத்துச் சுடும் பிட்டா கருகினால் அடுப்பு சரியில்லை. பால் திரிந்தால் மாடு சரியில்லை. கல்யாண வீட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், அவர்கள்தான் சீக்கிரம் ஆரம்பித்துவிட்டார்கள்.

நாத்தனார் என்ற முறையில் அவளோடு நான் போட்ட சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக் குழாய் விஷயத்தில் அவளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தாழ்த்திச் சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன். அது ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் படித்தது நாலாம் வகுப்பு வரைதான். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் அவ்வளவுதான் உண்டு. ஐந்தாவதுக்கு டவுனுக்குப் போக வேண்டும், அங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டும். பையன்கள் போனார்கள். பெண் பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போனார்கள். அவளும் போனாள். மேல் வகுப்புகள் எங்கள் ஊருக்கு வந்தபோது அவள் மடியில் கைக்குழந்தை இருந்தது. எட்டாவது வரை கட்டிய அந்தப் புதுக் கட்டடத்தைப் பார்க்கக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு அறையாக நுழைந்து பார்த்துவிட்டு வந்தாளாம். மெஹோ சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

பள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்த இஸ்மெத் ஜெர்மனிக்குப் போனதும் அந்த வேலைக்கு அவள் போய் நின்றாள். கொதிகலனுக்கு நிலக்கரி போடுவது, குழாய், பூட்டு, கூரைப் பனி எல்லாமே அந்த வேலையில் அடக்கம். காப்பிக் கடையில் ஆண்கள் சிரித்தார்கள். பொம்பளை எப்படி நெருப்பைப் பார்த்துக்கொள்வாள் என்று ஒருவன் கேட்டதற்கு, "உங்க வீட்ல அடுப்பு பத்த வைக்கிறது யாருடா, உங்கப்பனா?" என்று தெருவில் நின்றே கேட்டாள். அதோடு பேச்சு முடிந்தது.

அவள் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின குளிர்காலத்தில், விடுமுறையில் கட்டடத்தைச் சூடாக்காமல் விட்டிருந்தார்கள். மாடிக் குழாய் உறைந்து வெடித்து, மாடிப்படி முழுக்கப் பனிக்கட்டி. வாரக் கணக்கில் பள்ளியை மூடி வைத்தார்கள். டவுன் கல்வி ஆபீஸ் அப்போதே சொல்லிவிட்டது: இனி ஒரே ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினாலும், ஐந்தாவதிலிருந்து எட்டாவது வரை டவுனுக்கு மாற்றப்படும். மாற்றினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பையன்கள் அத்தை வீடு, மாமா வீடு என்று போய்த் தங்கிவிடுவார்கள். பெண்கள் வீட்டில் நின்றுவிடுவார்கள். என் மகள் செனிதா அப்போது ஏழாவது. பள்ளிச் சமையல்கட்டில் தேநீர் போட்டு, ரொட்டிக்கு ஜாம் தடவிக் கொடுப்பது என் வேலை. என் சம்பளத்தில் அவளைத் தனியாக டவுனில் தங்கவைக்க முடியாது.

ரெம்ஸியா இலையுதிர் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டாள். எங்கள் ஊரில் ஆட்டு ரோமத்தை இப்போது யாரும் வாங்குவதில்லை, பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். அவள் வீடு வீடாகப் போய் அதை மூட்டை மூட்டையாக வாங்கி வந்தாள். வடக்குச் சுவரை ஒட்டி ஓடும் குழாய்கள் அத்தனைக்கும் ரோமத்தைச் சுற்றி, மேலே பழைய கம்பளித் துண்டுகளை இறுக்கிக் கட்டினாள். சுவரில் குழாய் நுழையும் ஓட்டைகளைக் குளிர் காற்று வராமல் அடைத்தாள். வாஷ்பேசினுக்குக் கீழே உள்ள பலகைக் கதவுகளைக் கழற்றியே வைத்துவிட்டாள், அறைச் சூடு குழாய்க்கும் கிடைக்கட்டும் என்று. பள்ளிக்கூடமே ஆட்டுக் கொட்டகை மாதிரி நாறியது. டவுனிலிருந்து வரும் இசை டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மூக்கு நாறுனா கழுவிக்கலாம் டீச்சர். கழுவத் தண்ணி வேணும்ல?" என்றாள் இவள்.

ஞாயிற்றுக்கிழமையும் கொதிகலனை அணைய விட மாட்டாள். சாயங்காலம் பூட்டிவிட்டுப் போகும் முன், கடைசியில் இருக்கும் குழாய்களைக் கொஞ்சமாகத் திறந்து, நூல் மாதிரித் தண்ணீர் விழும்படி விட்டுவிடுவாள். குளிர் ரொம்பக் கடுமை என்றால் அதுவும் போதாது, மெயின் வால்வை மூடிக் குழாய்களில் உள்ள தண்ணீரை முழுக்க வடித்துவிடுவாள். இப்படியே நவம்பர், டிசம்பர், ஜனவரி போயிற்று. ஒரு நாள்கூடப் பள்ளி மூடவில்லை. அவள் அடித்த பெருமைக்கும் அளவில்லை. "டவுன்ல இருக்கற இன்ஜினியருங்கள என்கிட்ட அனுப்புங்க, நான் பாடம் எடுக்கறேன்" என்று ரொட்டிக் கடையில் நின்று சொன்னாள். வெட்கத்தில் நான் பிறகு வரலாம் என்று திரும்பிவிட்டேன்.

பிப்ரவரியில் டவுன் ஆபீஸிலிருந்து முராதிஃப் வந்தார், பள்ளியைப் பார்த்து முடிவு சொல்ல. ஒல்லி மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, ஐந்து வேளை தொழுகை தவறாதவர். பையில் சொந்த ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்திருந்தார். தலைமையாசிரியர் சாஃபெத் காப்பி கொண்டுவரச் சொன்னபோது கையை உயர்த்தித் தடுத்தார்.

"மன்னிச்சுக்குங்க. உங்களப் பத்தி முடிவு சொல்ல வந்திருக்கேன். உங்க காப்பியக் குடிச்சுட்டு அதச் செய்யக் கூடாது."

இது ஊரெல்லாம் பரவிவிட்டது. எங்கள் பக்கம் காப்பியை மறுத்தால் பகை என்று அர்த்தம். "காப்பிகூடக் குடிக்கலையா? அப்ப பள்ளிக்கூடம் போச்சு," என்று மெஹோ தலையில் கைவைத்துக்கொண்டான்.

அவர் எல்லாவற்றையும் பார்த்தார். குழாயைத் தொட்டுப் பார்த்தார், ரோமத்தை முகர்ந்தும் பார்த்தார். நல்லது, கெட்டது என்று ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பலாம் என்ற நேரத்தில் புயல் வந்து சாலையை மூடிவிட்டது. நாலைந்து வீட்டிலிருந்து ஆள் வந்து எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் அசையவில்லை. ஆசிரியர் அறைச் சோபாவில் படுத்துக்கொள்கிறேன் என்றார். ரெம்ஸியா வீட்டுக்குப் போய் இரண்டு கம்பளிப் போர்வையும், துணியில் சுற்றிய பிட்டாவும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"சாப்பிட்டாச் சாப்பிடுங்க, இல்லாட்டிக் கிடக்கட்டும். எனக்கு வைக்கத்தான் தெரியும், திருப்பி எடுத்துட்டுப் போகத் தெரியாது."

நானும் அவளும் வெளியே வந்தபோது மூக்கு நுனி வலித்தது. அப்படி ஒரு குளிர். "அண்ணி, இன்னைக்குத் தண்ணிய வடிச்சு விட்ருங்க," என்றேன்.

"வடிச்சுட்டா? மனுஷன் தொழுகைக்கு முன்னால கைகால் மொகம் கழுவி ஒளு செய்ய வேணாமா? விருந்தாளி குழாயத் திறந்தா காத்தா வரணும்? நல்லாச் சொன்ன போ. நூல் மாதிரி ஓட விட்ருக்கேன், கொதிகலன்லயும் ரொம்பிக் கெடக்கு கரி. ஒண்ணும் ஆகாது."

மறுநாள் விடியும் முன் நான் சமையல்கட்டுக்கு வந்து தேநீர்ப் பாத்திரத்தைக் குழாய்க்கடியில் வைத்துத் திருகினேன். ஒரு இருமல் சத்தம், அவ்வளவுதான். ஓடினேன். கழுவுமிடத்தில் ரெம்ஸியா குனிந்து நின்றுகொண்டிருந்தாள். வரிசையாக இருந்த குழாய்கள் எல்லாம் மூடியிருந்தன. சும்மா மூடவில்லை, ஆண் கையால் அழுத்தித் திருகி மூடியிருந்தது. அவளாலேயே இரண்டு கையாலும்தான் திறக்க முடிந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒளு செய்யும்போதுகூட ஒரு சொட்டு வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த மனிதர் அவர். பள்ளியில் ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் வீணாக ஓடுவதைப் பார்த்திருக்கிறார். பொறுப்பில்லாத ஜனங்கள் என்று நினைத்து ஒவ்வொன்றாகப் போய் மூடியிருக்கிறார். நன்மை செய்த திருப்தியோடு தூங்கப் போயிருப்பார்.

"அந்த ஆளுதான்!" என்று நான் கத்தப் போனேன். அவள் என் வாயைப் பொத்தினாள். கையில் ஆட்டு நாற்றம்.

"மூச்சு விடாத. விருந்தாளி."

"அவரா விருந்தாளி? நம்ம காப்பியத் தொடாத மனுஷன் விருந்தாளியா?"

"நம்ம கூரைக்குக் கீழ படுத்துட்டாருல்ல? முடிஞ்சுது. அவரு முகம் செத்துப் போற மாதிரி ஒரு வார்த்தை நம்ம வாயிலருந்து வரக் கூடாது."

"அண்ணி, செனிதா படிப்பு போயிரும். அவரு மொகம் பெருசா, எம் பொண்ணு படிப்பு பெருசா?"

"ரெண்டுந்தான். கெட்டில எடு, பனிய அள்ளி அடுப்புல வை. மணி அடிக்கிறதுக்குள்ள தண்ணி வந்துட்டா எதுவும் போகாது."

எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. ஆனாலும் வாளியை எடுத்துக்கொண்டு பனி அள்ளப் போனேன்.

முதலில் மெயின் வால்வை மூடினாள். குழாய் எங்கேயாவது விரிசல் விட்டிருந்தால், பனிக்கட்டி உருகியதும் வெள்ளமாகக் கொட்டும் என்றாள். பிறகு எல்லாக் குழாய்களையும் திறந்து வைத்துவிட்டு, கம்பளித் துண்டுகளை அவிழ்த்து, வெறும் உள்ளங்கையால் குழாயைத் தடவிக்கொண்டே போனாள். கழிவறை மூலையில், குழாய் வெளிச்சுவரை ஒட்டித் திரும்பும் இடத்தில் நின்றாள். அங்கே குழாயின் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. "இங்கதான்," என்றாள். ஆனால் அந்த இடத்தில் சூடு வைக்கவில்லை. திறந்த குழாய்ப் பக்கமிருந்து வெந்நீர்த் துணியைச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக அந்த மூலையை நோக்கிப் போனாள். உருகும் தண்ணீருக்கும் ஆவிக்கும் வெளியே போக வழி வேண்டும், நடுவில் சூடு வைத்தால் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு குழாய் வெடிக்கும் என்று வேலையோடு வேலையாக என்னைத் திட்டிக்கொண்டே சொன்னாள். நான் பனியை உருக்கிக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து கொட்டினேன். துணி ஆறிப்போகும், மறுபடி நனைப்பேன்.

சாஃபெத் வந்தார். பின்னாலேயே முராதிஃபும், கம்பளியைப் போர்த்திக்கொண்டு.

"என்ன ஆச்சு?" என்றார் முராதிஃப்.

"தண்ணி ஒறஞ்சு போச்சுங்க," என்றாள் ரெம்ஸியா, தலையைத் திருப்பாமலேயே.

சாஃபெத் வெளுத்துப்போனார். அவர் நல்ல மனிதர், வரலாற்று வாத்தியார், எந்த நேரத்தில் எதைப் பேசக் கூடாது என்பது மட்டும் தெரியாது. "எப்படி ரெம்ஸியா? தினமும் குழாயக் கொஞ்சம் தொறந்து விட்டுட்டுத்தானே போவீங்க? நேத்து விடலையா?"

கெட்டிலைப் பிடித்த என் கை நின்றுவிட்டது. ரெம்ஸியா துணியைப் பிழிந்தாள்.

"மறந்துட்டேன்," என்றாள்.

சாஃபெத் அவளை உற்றுப் பார்த்தார். "மறந்தீங்களா? நீங்களா?"

"ஆமா. எந் தப்புதான். வயசாகுதுல்ல."

வருஷக் கணக்காக அடுப்பையும் மாட்டையும் ஊர் ஜனத்தையும் குற்றம் சொன்ன வாய், இல்லாத தப்பை இவ்வளவு சாதாரணமாக எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டது. நான் பேச வாயெடுத்தேன். அவள் பூட்ஸ் காலால் என் கால்விரலை மிதித்தாள்.

முராதிஃப் சாஃபெத்திடம் திரும்பினார். "தொறந்து விடுறதா? ராத்திரி பூரா தண்ணிய வீணாக்குறதா? எதுக்கு?"

"ஓடிக்கிட்டே இருந்தா சட்டுன்னு ஒறையாதுங்க. கடுங்குளிர்ல அந்தத் தண்ணி வீண் இல்ல, காவல்," என்றார் சாஃபெத்.

முராதிஃபின் காது மடல் சிவந்தது. குழாய் வரிசையைப் பார்த்தார். ரெம்ஸியாவின் முதுகைப் பார்த்தார். "அம்மா, நான்..." என்று ஆரம்பித்தார்.

"ஐயா, பேச நேரமில்ல. அந்த வாளியப் பிடிங்க," என்றாள் அவள்.

அவர் வாளியைப் பிடித்தார். அடுத்து இரண்டு தடவை பேச முயன்றார், இரண்டு தடவையும் ஏதோ ஒரு துணியையோ கெட்டிலையோ அவர் கையில் திணித்தாள். பொறுக்க முடியாமல் அவர் கொதிகலன் அறைக்குப் போய், இரும்பைச் சூடாக்கும் ஊதுவிளக்கைத் தேடி எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு வந்தார். "எங்கப்பா இப்படித்தான் செய்வாரு, ஒரு நிமிஷத்துல உருகிரும்," என்று அந்த மூலைக்கே நேராகப் போனார்.

"கீழ வைய்யா அத!" ரெம்ஸியா போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. "சுத்தி ஆட்டு மயிரு, பலகை! பள்ளிக்கூடத்தக் கொளுத்திட்டு டவுனுக்குப் போய் என்னன்னு சொல்லுவீரு?" பிறகுதான் யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்தது போல. "அணைச்சுருங்க ஐயா," என்று தணிந்தாள்.

அவர் அணைத்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவள் சொன்னதை மட்டும் செய்தார். கணக்கு டீச்சர் ஹேர் டிரையர் கொண்டுவந்தார். பிள்ளைகள் பனியை உதறிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள், அவர்களைக் கொதிகலன் பக்கத்து வகுப்பில் உட்கார வைத்தோம். செனிதா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். போடி உள்ளே என்று கத்தினேன், என் பயத்தை வேறு எங்கே கொட்டுவது?

சாஃபெத் மணிக்கயிற்றுப் பக்கம் போய் நின்றார். முதல் மணி அடிக்கும்போது தண்ணீர் இல்லையென்றால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அதுதான் சட்டம்.

குழாய்க்குள் ஏதோ கரகரத்தது. கடைசிக் குழாயிலிருந்து சேறு கலந்த பனித்துண்டு ஒன்று வந்து பேசினில் விழுந்தது. "அல்மாசா, வால்வு. மெதுவா, பாதி தொற," என்றாள் என்னிடம். நான் போய்த் திருகினேன். குழாய் இருமியது, துப்பியது. மூலை ஜாயிண்டிலிருந்து தண்ணீர் பீய்ச்சி முராதிஃபின் முகத்தில் அடித்தது.

"மூடு!"

மூடினேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரே உதறலில் தன் பூட்ஸைக் கழற்றி, கத்தியால் அதன் ரப்பர்க் கழுத்தைப் பட்டையாக அறுத்தாள். ஜாயிண்டில் இறுக்கிச் சுற்றினாள். முராதிஃப் கேட்காமலே பட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டார். அவள் இரண்டு இரும்புக் கிளிப்பை மாட்டி ஸ்பேனரால் முறுக்கினாள். ஒரு காலில் வெறும் கம்பளிச் சாக்ஸ், ஈரத் தரையில்.

"தொற."

மறுபடி திருகினேன். ஜாயிண்டில் ஒரு சொட்டு திரண்டது, அங்கேயே நின்றது, விழவில்லை. வரிசைக் குழாய்கள் ஒவ்வொன்றாகக் கொட்ட ஆரம்பித்தன. சாஃபெத் மணியை அடித்த அடியில் கயிறு அறுந்துபோகும் என்று நினைத்தேன். பிள்ளைகள் என்ன ஏது என்று தெரியாமலே கத்தினார்கள். நான் அழுதுவிட்டேன், மறைக்கவில்லை.

பிள்ளைகள் நடைபாதையில் வரிசையாக நின்றபோது முராதிஃப் தொண்டையைச் செருமினார். அவர் தலைமுடியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது.

"வாத்தியாரே, நேத்து ராத்திரி குழாய்களை மூடுனது நான்."

"இல்லைங்க, நான்தான் மறந்துட்டேன்," என்றாள் ரெம்ஸியா.

"நான் மூடினேம்மா. என் கையால, ஒவ்வொண்ணா."

"கனவா இருக்கும். புது எடம், தூக்கம் சரியா வந்திருக்காது."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். முராதிஃபும் சிரித்துவிட்டார், நாங்கள் பார்த்த முதல் சிரிப்பு. "நான் போய்ப் பொய் சொல்ல முடியாது. தண்ணி நின்னது என்னால, வந்தது இந்த அம்மாவால. மேல் வகுப்பு எங்கயும் போகாது, இங்கயே இருக்கும். இத நான் டவுன்ல சொல்லுவேன், எவன் எதுத்தாலும் சொல்லுவேன்."

ஆசிரியர்கள் கை தட்டினார்கள். செனிதா ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சத்தம் அடங்கியதும் அவர் ரெம்ஸியாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார், பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க? தண்ணி வராமப் போயிருந்தா? பள்ளிக்கூடமே போயிருக்குமே."

அவள் ஒற்றைக் காலில் நின்று ஈர சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"போயிருந்தா டவுனுக்கு வந்து உங்க வாசல்ல உக்காந்து சண்ட போட்டு வாங்கிருப்பேன். நீங்க எங்க கூரைக்குக் கீழ தலகுனிஞ்சு நின்னுட்டா, போன மரியாதைய நான் எங்க போய்த் திருப்பி வாங்குறது?"

அவர் கையை நெஞ்சில் வைத்துத் தலையைத் தாழ்த்தினார், எங்கள் பக்கத்தில் பெரியவர்களுக்குச் செய்வது போல.

அந்த நடைபாதையில் அவளுடைய நாத்தனாராக நின்றேனே, அந்தப் பெருமை எனக்கு இன்றுவரை அடங்கவில்லை. அதை அவளிடம் சொன்னதில்லை, சொன்னால் அவள் அடிக்கும் பெருமையைத் தாங்க முடியாது. அவளோ அதற்குள் பிள்ளைகள் பக்கம் திரும்பிவிட்டாள். "எவன்டா பூட்ஸோட உள்ள வந்தது? தரையப் பாரு! சரிசரி, போங்க, போய்ப் படிங்க!" என்று விரட்டினாள். பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினார்கள், பெண் பிள்ளைகளும் சேர்ந்து.